வேர்டு கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன: மீட்க முடியுமா?

தட்டச்சர்_தென்காசி:
வணக்கம். பத்திர எழுத்தர் ஒருவரிடம் வேலை செய்கிறேன். நேற்று மாலை முதல் வேர்டு, எக்செல் கோப்புகள் எதுவும் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களின் முடிவிலும் ‘.டிஜேவியு’ என்று ஒட்டியிருக்கிறது. பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது. எங்கள் வரைவுகள் அத்தனையும் அந்தக் கணினியில்தான். கைகால் ஓடவில்லை.

ராமன்:
பணம் கட்டாதீர்கள் அம்மா. கட்டினாலும் சாவி வரும் என்று உறுதியில்லை. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வேறு டிஸ்கில் நகலெடுங்கள். இது ‘ஸ்டாப்’ குடும்பத்து வைரஸ். எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019இல் இதற்கு இலவச மீட்பு மென்பொருள் வெளியிட்டது. வைரஸை முழுவதும் நீக்கிய பிறகே அதை இயக்குங்கள், இல்லையென்றால் திறந்தவை மறுபடி பூட்டிக்கொள்ளும்.

மீரான்:
உங்களுடையது பழைய வகை, அதனால் நம்பிக்கை உண்டு. சாவியைக் கண்டுபிடிக்க, ஒரே கோப்பின் பூட்டிய வடிவமும் பழுதில்லாத வடிவமும் ஜோடியாகத் தேவைப்படும். கோப்பு 150 கேபிக்கு மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனி ஜோடி வேண்டும்.

தட்டச்சர்_தென்காசி:
கட்சிக்காரர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய வரைவுகள் பழுதில்லாமல் இருக்கின்றன! எக்செல் மட்டும் யாருக்கும் அனுப்பியதில்லை.

மீரான்:
பென் டிரைவில் தேடுங்கள். ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும்.