புதுப்பிப்பு: மலாவி ஊழியப் பயணம், மூன்றாவது வாரம்

போன மாதம் "ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்கு ஆறு வார ஊழியம், என்ன எடுத்துப் போகலாம்?" என்று கேட்டிருந்தேன். கொசுவலை சொன்ன அக்காவுக்கு ஸ்தோத்திரம். ஊறுகாய் சொன்ன அண்ணே, அது பெட்டிக்குள் கசிந்து என் வேதாகமத்தில் இன்னும் மாங்காய் வாசம்.

இருப்பது லிவிங்ஸ்டோனியா என்ற மலையூரில். மலாவி ஏரியிலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஏறி வருவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும், அத்தனை கொண்டை ஊசி வளைவுகள். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875இல் ஏரிக்கரையில்தான் தொடங்கினார்கள். மலேரியாவில் பலரைப் புதைத்த பிறகு, 1894இல் இந்த மேட்டுக்கு வந்தார்கள். ஜூன் மாதக் குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லி ஒருவருமே எழுதவில்லையே!

பிரசங்கம் செய்யப்போவதாக நினைத்து வந்தேன். காலையிலிருந்து மாத்திரை எண்ணிப் பொட்டலம் போடுகிறேன். வாளித் தண்ணீர்க் குளியல், அடிக்கடி மின்வெட்டு. இதெல்லாம் நமக்குப் பழக்கம்தான்.

சாப்பாடு சீமா, அதாவது மக்காச்சோள மாவுக் களி. கையில் உருட்டி உசிபா குழம்பில் தொட்டுச் சாப்பிடணும். உசிபா நம்ம நெத்திலிக்குத் தம்பி. தும்புகா மொழியில் இதுவரை உருப்படியாக வருவது "யெவோ" மட்டுமே. நல்லவேளை, வணக்கம், நன்றி இரண்டுக்கும் அதே சொல் போதும்.

மிச்ச ஊறுகாயைச் சமையல் செய்யும் அம்மா சீமாவுக்குத் தொட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரத்துக்குத் தேறாது.