கேடிபி: எம்டி கட்டளையின் ஸ்விட்சை லூப்பாக மாற்றலாமா?

மின்பலகை (கேள்வி)

வணக்கம். எங்கள் பலகையில் ஓடுவது சற்றுப் பழைய லினக்ஸ் கர்னல். அதற்குள்ளேயே இருக்கும் பிழைதேடும் கருவியான கேடிபி டீபக்கரில் நினைவகத்தைக் காட்டும் எம்டி கட்டளையின் நிரலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியை அச்சிடுவது கேடிபி_எம்டி_லைன் என்ற செயற்கூறு. எண்களுக்கு வலப்புறம் அதே பைட்களை எழுத்துகளாகக் காட்டுவதற்கு, சொல்லின் (ஒரே எண்ணாகக் காட்டப்படும் நினைவகத் துண்டின்) அகலத்தைப் பொறுத்துக் கேஸ்களாகப் பிரியும் ஒரு ஸ்விட்ச் அதில் இருக்கிறது.

கேஸ் 8-இல் எழுத்தை எடுத்து வைக்கும் வரி நான்கு முறை வருகிறது. பிறகு முகவரியுடன் 4 கூட்டுகிறார்கள். ஸ்விட்சிலிருந்து வெளியேற்றும் பிரேக் இல்லை, நேராகக் கேஸ் 4-க்குள் இறங்குகிறது. அங்கே அதே வரி இரண்டு முறை, முகவரியுடன் 2. கேஸ் 2-இல் ஒரு முறை, 1. கேஸ் 1-இலும் ஒரு முறை, 1, அங்கேதான் பிரேக்.

சொல்லின் அகலம் எத்தனை பைட்டோ அத்தனை முறை சுற்றும் ஒரு ஃபார் லூப் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் பிக் எண்டியன் இயந்திரத்தில் (சொல்லின் உயர் பைட்டை நினைவகத்தில் முதலில் வைப்பது; லிட்டில் எண்டியன் அதற்கு நேர்மாறு) இது சரியாக வருமா? இத்தனை காலம் இப்படியே இருந்ததற்கு எனக்குப் புலப்படாத காரணம் ஏதும் உண்டா?

பழைய_கர்னல்

தாராளமாக மாற்றுங்கள். மெயின்லைனில் (கர்னலின் அதிகாரபூர்வ மூல நிரலில்) அந்தப் படிக்கட்டு இப்போது இல்லை. நீங்கள் நினைக்கும் அதே லூப்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கிருந்து அப்படியே எடுத்து ஒட்டாமல், இரண்டும் ஏன் சமம் என்று நீங்களே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அகலம் 8 என்றால் 4, 2, 1, 1: மொத்தம் எட்டு எழுத்து, முகவரியும் எட்டு நகர்கிறது. 4 என்றால் 2, 1, 1. 2 என்றால் 1, 1. எந்தப் படியில் நுழைந்தாலும் கூட்டுத்தொகை அகலத்துக்குச் சமம். அகலம் 3 என்று வந்தால் இரண்டும் வேறுபடும்: பழைய ஸ்விட்ச் எதுவும் செய்யாது, முகவரியும் நகராது, லூப் மூன்று எழுத்துகளை எடுக்கும். அந்த நிலை இங்கே வரவே வராது. கேடிபி_எம்டி-யில் அச்சு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே 1, 2, 4, 8 தவிர மற்ற அகலங்கள் பிழையாகத் திருப்பி அனுப்பப்படுகின்றன. 32 பிட் கர்னலில் 8-ம் அங்கேயே நின்றுவிடும். உங்கள் மாற்றம் அந்த வாசலை நம்பியிருக்கிறது. பேட்ச் (மாற்றக் கோப்பு) விளக்கத்தில் இதை அவசியம் எழுதுங்கள்.

எண்டியன் பற்றிய பயம் வேண்டாம். அந்த வேலை ஸ்விட்சுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரே இடத்தை எண்ணாகவும் பைட்களாகவும் பார்க்க உதவும் 8 பைட் யூனியனில் சொல்லை வைத்துவிட்டு, பைட்களைப் படிக்கும் சுட்டியை லிட்டில் எண்டியனில் தொடக்கத்திலும், பிக் எண்டியனில் 8-இலிருந்து அகலத்தைக் கழித்த இடத்திலும் நிறுத்துகிறார்கள். அந்த வரிகளை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் தொடாதீர்கள்: அச்சிடத்தக்க எழுத்தா என்று பார்க்கும் மேக்ரோ. வந்த மதிப்பை முதலில் ஓர் உள்மாறியில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் ஆஸ்கியா, அச்சிடலாமா என்று சோதிக்கிறது. சுருக்குகிற உற்சாகத்தில் அந்த உள்மாறி வீண் என்று பலருக்கும் தோன்றும். அதற்குக் கொடுக்கப்படும் மதிப்போ, சுட்டியை ஒவ்வொரு முறையும் ஒரு பைட் நகர்த்தும் கோவை. உள்மாறியை எடுத்துவிட்டால் ஒரே எழுத்துக்குச் சுட்டி இரண்டு மூன்று முறை நகரும். வலப்பக்கம் முழுக்கக் குப்பையாகிவிடும்.

தெற்குவாசல்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கேடிபி, எஸ்ஜிஐ நிறுவனத்தின் காலத்திலிருந்து வருவது. மெயின்லைனுக்கு 2010-இல் 2.6.35-இல் வந்தது. அத்தனை ஆண்டுகள் சரியாக ஓடிய நிரலை அழகுக்காகத் தொடுவது எதற்கு? லூப் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஒப்பீடும் கூடுதல்.

பழைய_கர்னல்

வேகத்தை முதலில் பார்த்துவிடுவோம். பலகையில் கேடிபி-யின் வெளியீடு பெரும்பாலும் சீரியல் வழியாகப் போகிறது. 115200 பாட் (விநாடிக்கு அத்தனை பிட்), ஓர் எழுத்துக்கு 10 பிட் என்றால் விநாடிக்கு 11,520 எழுத்துகள்தான். அந்தக் கம்பிக்குப் பின்னால் நிற்கும் சிபியூவுக்கு ஓர் ஒப்பீடு கணக்கிலேயே வராது.

அழகுக்காக என்பதை நான் ஏற்க மாட்டேன். கேடிபி ஓடும்போது மற்ற சிபியூக்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டிருக்கும். கர்னல் விழுந்து கிடக்கிறது. திரையில் வரும் அந்தப் பதினாறு பைட்களை நம்பித்தான் அடுத்த முடிவை எடுக்கிறோம். காட்டுவது சரிதானா என்று சந்தேகம் வந்தால், நிரலைத் திறந்து கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு இடத்தில் முகவரியைக் கூட்டி, பிரேக் இல்லாமல் இறங்கும் நிரலில் அதற்கு விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. இரண்டு வரி லூப்பில் அந்தச் சந்தேகமே எழாது. டீபக்கரின் நிரல்தான் கர்னலிலேயே மிக எளிமையாக இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மின்பலகை

இருவருக்கும் நன்றி. மாற்றிய பிறகு குறியீட்டுப் பெயர் அச்சிடும் கிளை, எழுத்து அச்சிடும் கிளை இரண்டின் கடைசியிலும் முகவரியுடன் அகலத்தைக் கூட்டும் ஒரே வரி நிற்கிறது. அதையும் இஃப்-எல்ஸுக்கு வெளியே கொண்டுவந்துவிடலாமா? எப்படிச் சோதிப்பது?

பழைய_கர்னல்

கொண்டுவரலாம். இரு கிளைகளிலும் அதற்குப் பின் முகவரியை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் தனிப் பேட்சாக வையுங்கள். முதல் பேட்சைப் படிப்பவர் 4, 2, 1, 1 கணக்கை மட்டும் பார்க்கட்டும்.

சோதனைக்கு கியூஇஎம்யூ என்ற இயந்திரப் போன்மி போதும். டீபக்கரைக் கன்சோலுடன் இணைக்கும் கேஜிடிபிஓசி-க்குச் சீரியல் போர்ட்டைக் கொடுத்து பூட் செய்து, சிஸ்ஆர்கியூ-ஜி விசை மூலம் கேடிபி-க்குள் போங்கள். லினக்ஸ்_பேனர் என்ற குறியீட்டை எம்டி1, எம்டி2, எம்டி4, எம்டி8 (எண் அகலத்தைக் குறிக்கும்) நான்கிலும் காட்டச் சொல்லுங்கள். (கால்சிம்ஸ்_ஆல் என்ற கர்னல் அமைப்பு இயக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரவுக் குறியீடுகளைப் பெயரால் தேட முடியாது.) அந்தச் சரம் ஆங்கிலத்தில் ‘லினக்ஸ் வெர்ஷன்’ என்று தொடங்குவது நமக்குத் தெரியும். லிட்டில் எண்டியனில் எம்டி2, பதினாறு அடிமான எண்களில், மூன்றாம் சொல்லை 2078 என்றும் நான்காவதை 6576 என்றும் காட்டும். நினைவகத்தில் பைட் வரிசை 78 20 76 65. எண்கள் இப்படித் திரும்பி நின்றாலும் வலப்பக்க எழுத்துகள் நான்கு அகலத்திலும் ஒரே வரிசையில் வாசிக்கக்கூடியதாக வர வேண்டும். கூடவே எம்டிஎஸ் (குறியீட்டுப் பெயர்களோடு காட்டுவது), எம்டிபி (இயற்பியல் நினைவகத்தைக் காட்டுவது) இரண்டையும் ஓட்டுங்கள். எம்டி3 கொடுத்து அகலப் பிழை வருகிறதா என்றும் பாருங்கள்.

பிக் எண்டியனுக்கு கியூஇஎம்யூவிலேயே பவர்பிசி அல்லது மிப்ஸ் செயலி இருக்கிறது. அங்கே 2078 இருந்த இடத்தில் 7820 வரும். வலப்பக்கம் மாறக் கூடாது.

தெற்குவாசல்

அகலச் சரிபார்ப்பை நம்பியிருப்பதை விளக்கத்தில் எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேட்சை இங்கே போடுங்கள், பிக் எண்டியன் பக்கத்தை நான் ஓட்டிப் பார்க்கிறேன்.