ஜப்பானிய முரசு டைகோவுல ஜாஸ் மாதிரி தனி வாசிக்கிறது மரபுலயே இருக்கா?

தாளப்பித்தன்:
ரெண்டு வாரமா கென்னி எண்டோ வாசிச்சதையே திரும்பத் திரும்ப கேட்டுட்டு இருக்கேன். டைகோ வாசிக்கிறவர், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், லாஸ் ஏஞ்சலஸ்காரர், இப்போ ஹொனலூலுல இருக்கார், முதல்ல டிரம் செட்டுல ஜாஸ் வாசிச்சுட்டு இருந்தவர். டைகோன்னா பத்து பேர் சேர்ந்து ஒரே கை மாதிரி அடிக்கிறதுன்னுதான் நெனச்சிருந்தேன், ஆனா இவர் நடுவுல தனியா கிளம்பி எங்கெங்கயோ போய்ட்டு கரெக்டா வந்து சேர்றார். இது ஜப்பான்ல பழசா இருக்கிறதா, இல்ல ஜாஸ்ல இருந்து எடுத்துட்டு வந்து ஒட்டினதா?

கரூர் டிரம்மர்:
நீங்க சொல்ற அந்த பத்து பேர் டைகோவே ஜாஸ் ஆள் ஒருத்தர் ஆரம்பிச்சதுதான் ப்ரோ. டைஹாச்சி ஒகுச்சின்னு நாகனோ பக்கத்து ஜாஸ் டிரம்மர், சுவா கோயிலோட பழைய முரசு குறிப்பு ஒண்ணு அவர் கைக்கு வந்துச்சு, வாசிச்சுப் பாத்தா ஒரே மாதிரி அடியாவே போகுது. டிரம் செட்டுல சின்னது பெருசு எல்லாம் சேர்ந்து பேசுதே, அதே மாதிரி பல சைஸ் டைகோவ ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுத்தா என்னன்னு 1951ல குழு அமைச்சார். இன்னைக்கு உலகம் பூரா மேடையில பாக்கிற குழு டைகோவுக்கு அதுதான் தொடக்கம். முரசு ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு, இந்த மேடை வடிவம் அப்படி இல்ல.

மீனா_டி:
அவர் சொன்னது சரி, ஆனா தனி வாசிக்கிறது அதுக்கு முன்னாடியே இருக்கு. டோக்கியோவுக்குத் தெக்க கடலுக்குள்ள ஹாச்சிஜோன்னு ஒரு தீவு, அங்க ஒரே முரசுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் நிப்பாங்க, ஒருத்தர் அடித்தாளத்த விடாம புடிச்சுட்டே இருப்பார், இன்னொருத்தர் அது மேல அந்த நிமிஷம் தோணுறத வாசிப்பார். பாட்டும் கூட வரும். எண்டோ ஜாஸ கொண்டு வந்து ஒட்டல, ரெண்டு பக்கமும் ஏற்கனவே இருந்தத ஒண்ணா கேட்டார், அவ்வளவுதான் எனக்குத் தோணுது.

அதுக்காக அவர் பட்ட பாடும் கொஞ்சம் இல்ல. 1980ல ஜப்பான் போய் பத்து வருஷம் தங்கிக் கத்துக்கிட்டார். கபுகி நாடகத்துல வர்ற கோட்சுசுமின்னு ஒரு சின்ன முரசு, வலது தோள்ல வச்சு இடது கையால கயித்த இறுக்கி விட்டு இறுக்கி விட்டுதான் சுருதிய ஏத்தி இறக்கணும், தோல் காஞ்சா சத்தம் போயிடும்னு வாசிக்கிறவங்க வாயால ஊதி ஈரப்படுத்துவாங்க. அடிக்கு நடுவுல "யோ", "ஹோ"ன்னு குரல் குடுப்பாங்க, அடுத்த அடி எப்ப விழும்னு அந்தக் குரல் இழுக்கிற நீளத்துலதான் மத்தவங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளிக்கு 'மா'ன்னு பேர். நம்ம சொல்கட்டு மாதிரி அவங்களுக்கும் டோன், டோகோ, ட்சு, கான்னு வாய்ச்சொல் உண்டு, முதல்ல வாய், அப்புறம்தான் கை. கடைசியில அந்த முரசு மரபுல அவருக்கு மேடைப்பேரே குடுத்தாங்க, ஜப்பான் குடிமகனா இல்லாத ஒருத்தருக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

கரூர் டிரம்மர்:
ஹாச்சிஜோ எனக்குத் தெரியாது, நன்றிங்க.

பழைய ரெக்கார்ட்:
ஜப்பான்ல இருந்து வந்த ஜாஸ் பியானோ கலைஞர் டோஷிகோ அகியோஷியையும் கேட்டுடுங்க. 1974ல கறுப்பின ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் செத்தப்ப, அவர் தன் இனத்தோட பெருமைய எப்படி இசையில வச்சார்னு படிச்சுட்டு, என்கிட்ட இருக்கிறது என்னன்னு தேட ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் வந்த 'கோகுன்'ங்கிற ஆல்பத்துல பெரிய ஜாஸ் குழுவுக்கு நடுவுல ட்சுசுமி முரசும், 'நோ'ங்கிற பழைய ஜப்பானிய நாடகத்தோட குரலும் வரும். போர் முடிஞ்சது தெரியாம பிலிப்பைன்ஸ் காட்டுல கிட்டத்தட்ட முப்பது வருஷம் கிடந்த சிப்பாய நெனச்சு எழுதினது. அந்தக் குரல முதல் தடவை கேட்டப்ப நான் வண்டிய ஓரங்கட்டிட்டேன்.

தாளப்பித்தன்:
மீனாக்கா சொன்னத வச்சு இப்பதான் ஹெட்போன்ல திரும்ப கேட்டேன். இத்தனை நாள் தனி வாசிக்கிறவர மட்டுமே கேட்டிருக்கேன். அடியில ஒரு சின்ன முரசு, ஒரே தாளத்த ஆரம்பத்துல இருந்து முடியிற வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருக்கு, அவர் எவ்வளவு தூரம் போனாலும் அது நகரவே இல்ல.