லேசர்ல வெட்டின நரம்பும் அப்பாவோட சுண்டுவிரலும்

கொழிஞ்சாம்பாறை உறுப்பினர்:

எங்க ஊர் கேரளாவுல இருந்தாலும் வீட்டுல, தோட்டத்துல, சந்தையில பேச்சு தமிழ்தானுங்க. நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த ரெண்டாவது வருசம், அப்பா தென்னமட்டை வெட்டறப்ப கொடுவாள் நழுவி இடது மணிக்கட்டுல இறங்கிடுச்சு. சுண்டுவிரலுக்குப் போற நரம்பு துண்டாயிடுச்சு. ஆய்வகத்துல அப்ப நான் பண்ணிட்டிருந்த வேலையும் நரம்பை வெட்டறதுதான். வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போற வழி முழுக்க அதுதான் மனசை அறுத்துச்சு.

எலியோட 18 நாள் கருவுல இருந்து மூளைப் புறணி, அதாவது மூளையோட மேலடுக்குல இருக்கற நரம்புச் செல்களைப் பிரிச்சு, 60 மின்முனை பதிச்ச கண்ணாடித் தட்டுல வளர்ப்போம். ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் 200 மைக்ரோமீட்டர். 37 டிகிரி சூடு, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. முதல் வாரம் முடியறப்ப அங்கொண்ணு இங்கொண்ணா மின்துடிப்பு வரும். மூணாவது வாரத்துல தட்டு முழுக்க ஒரே நேரத்துல படபடன்னு கிளம்பி அடங்கும், சில நொடி அமைதி, மறுபடி கிளம்பும். சில பத்து மைக்ரோவோல்ட்தான். அதைத் திரையில முதல் தடவை பார்த்தப்ப எனக்குப் பேச்சே வரல.

செல்கள் ஒண்ணோடொண்ணு இணைஞ்ச அந்த வலைப்பின்னல் அறுந்தா மறுபடி சேருதான்னு பார்க்க, அதை நடுவால வெட்டணும். கத்தி வச்சா, செல்லுல இருந்து நீளற நரம்பு இழையோட செல்லும் பிஞ்சு வந்துரும். அதனால புற ஊதா லேசரை உருப்பெருக்கி வழியாக் குவிச்சு, விட்டு விட்டு அடிப்போம். வெட்டினதும் ஓரத்துச் செல்கள் தாறுமாறாத் துடிச்சுது; கிழிஞ்ச சவ்வு வழியா கால்சியம் உள்ளே பாயும். அப்புறம் அமைதி. பிறகு ரெண்டு பாதியும் துடிச்சுது, ஆனா ஒண்ணோட நேரத்துக்கும் இன்னொண்ணோட நேரத்துக்கும் சம்பந்தமே இல்ல. நாலாம் நாள், இந்தப் பக்கத்துத் துடிப்பு கொஞ்சம் தாமதிச்சு அந்தப் பக்கம் போச்சு. எல்லாத் தட்டுலயும் இப்படி நடக்கலீங்க. சிலதுல பாதிச் செல் செத்தே போச்சு.

புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு: வெட்டாத தட்டு ஒண்ணை அதே மாதிரி எடுத்து, அதே நேரம் வெளிய வச்சு, பதிவு பண்ணுங்க. தட்டை நகர்த்தினாலே, ஊட்டத் திரவத்தை மாத்தினாலே துடிப்பு மாறும். இது தெரியாம என்னோட முதல் மூணு மாசப் பதிவை ஒதுக்கி வைக்க வேண்டியதாயிடுச்சு.

அப்பா கேட்டாரு: "ஏஞ்சாமி, நீ வெட்டறது நாலு நாள்ல ஒட்டிக்குதுங்கறே. எனக்கு மட்டும் ஏன் ஆறு மாசம் ஆகும்ங்கறாங்க?" தட்டுல இழை தாண்ட வேண்டியது மில்லிமீட்டர்கூட இல்ல. கையில வெட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கற இழை முழுக்க அழிஞ்சு போகும். 1850லயே வாலர்ங்கற விஞ்ஞானி தவளை நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துச் சொன்னது. மேல்நுனியில இருந்து புது இழை நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நரம்பு போற வழியில விரலால தட்டிப் பார்ப்போம். சுரீர்னு விறுவிறுக்கற இடத்துல பேனாவால புள்ளி வைப்பேன். புள்ளி நகர்ந்துகிட்டே போச்சு. ஏழாவது மாசம் காப்பி டம்ளரோட சூடு சுண்டுவிரல்ல தெரிஞ்சுது. பிடியில பழைய பலம் இன்னும் வரல.

களியக்காவிளை உறுப்பினர்:

எங்க ஆய்வகத்துத் தட்டுல செல்கள் முதல்ல ஒரு மாசம் தாண்டாது. தண்ணி ஆவியாகி உப்பு கூடியதுதான் காரணம். 2001ல பாட்டர், டிமார்ஸ்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் டெஃப்லான் சவ்வு மூடி போட்டு ஒரு வருசத்துக்கு மேல உயிரோட வச்சிருந்தாங்க. அதைப் படிச்சு மூடியை மாத்தின பிறகுதான் வெட்டுக்கு அப்புறம் பல வாரம் தொடர முடிஞ்சது.

வேலந்தாவளம் உறுப்பினர்:

நான் ஆராய்ச்சிக்காரன் இல்லீங்க. எங்க மாமா கள்ளு இறக்க ஏறி மரத்துல இருந்து விழுந்துட்டாரு. தண்டுவடத்துல அடி, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. உங்க அப்பாவுக்கு வந்த மாதிரி இவருக்கும் வருமா?

கொழிஞ்சாம்பாறை உறுப்பினர்:

அண்ணா, கை நரம்பு வேற, தண்டுவடம் வேறங்க. அங்க இழை அறுந்தா சுத்தியிருக்கற தழும்பும், இழைகளை மூடியிருக்கற கொழுப்புறையும் வளர விடாது. 1981ல மான்ட்ரியால்ல டேவிட், அகுவாயோங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலியோட கால் நரம்பை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலமா வச்சாங்க. மூளை, தண்டுவடத்து இழைகள் அதுக்குள்ள வளர்ந்துச்சு. வளர்ற தெம்பு செல்லுக்கு இருக்கு, இடம்தான் விடல. ஆனா அது எலியில. முழுசா அறுந்ததைத் திரும்ப இணைக்கற வைத்தியம் இன்னும் நம்ம கைக்கு வரலீங்க. என் தட்டுல இருக்கறது கருச்செல். அதைப் பார்த்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனா அடிபட்டவங்க எல்லாருக்குமே முழுசா அறுந்திருக்கும்னு இல்ல. முழுசா அறுக்கலைன்னா உணர்ச்சி கொஞ்சம் திரும்ப வரலாம். மாமாவுக்கு எப்படின்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. ஸ்டெம் செல் ஊசின்னு யாராவது லட்சக்கணக்குல கேட்டா, வேற டாக்டர்கிட்டக் காட்டாம கொடுக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் புரட்டிப் படுக்க வைக்கறீங்களா? சிறுநீர் தேங்காமப் பார்த்துக்கறீங்களா?

வேலந்தாவளம் உறுப்பினர்:

ராத்திரி அத்தை அலாரம் வச்சு எந்திரிச்சுப் புரட்டுது. ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நான் போறேன். நாளைக்கு டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வந்து எழுதறேங்க.