பிசி548-ஐ எடுத்துவிட்டு பிசி549சி போட்டபோது நேர்ந்தது

மன்னார்குடிப் பக்கம் கோயில் விசேஷங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர், தாமே பற்றவைத்துச் செய்த மைக் பிரீஆம்பை (மைக்கின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கித் தரும் சர்க்யூட்) மார்கழியில் என்னிடம் கொண்டுவந்தார். ஒரே டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். இரைச்சல் குறையும் என்று கடைக்காரர் சொன்னதன் பேரில் பிசி548பி-ஐக் கழற்றிவிட்டு பிசி549சி-ஐப் பொருத்தியிருந்தார். அதன்பின் ஓதுவார் மெல்லப் பாடினால் சரியாகக் கேட்கவில்லை. குரல் உயர்ந்தாலோ கரகரவென்று உடைந்தது. "நல்ல சாமானைத்தானே தம்பி போட்டேன்?" என்று வருத்தப்பட்டார்.

கடைக்காரர் சொன்னதில் தவறில்லை. 549 இரைச்சல் குறைந்த வகைதான். வினை, கடைசியில் நிற்கும் எழுத்தில் இருந்தது. பி ரகத்தின் கெயின் (பேஸ் காலில் போகும் மின்னோட்டத்தைக் கலெக்டர் காலில் எத்தனை மடங்காக்கும் என்ற எண்) 200 முதல் 450 வரை, சி ரகத்தினுடையது 420 முதல் 800 வரை. அவருடைய சர்க்யூட்டில் பேஸுக்கு சப்ளையிலிருந்து நேராக 1 மெகாஓம் மின்தடை, சப்ளைக்கும் கலெக்டருக்கும் நடுவே 2.2 கிலோஓம். கெயின் 250 என்றால் கலெக்டரில் ஏறத்தாழ 4.4 வோல்ட் நிற்கும். அலை மேலும் கீழும் அசைய இடம் உண்டு. சி ரகத்தில் 520 என்றால் அந்த 2.2 கிலோஓமிலேயே ஒன்பதரை வோல்ட் விழ வேண்டும், பேட்டரியிலோ இருப்பதே ஒன்பது! மீட்டர் வைத்துப் பார்த்தபோது கலெக்டரில் 0.2 வோல்ட்கூட இல்லை; அலை கீழே அசைய இடமே இல்லை.

புதிதாக எதையும் வாங்கவில்லை. அதே 1 மெகாஓமின் மேல்முனையை சப்ளையிலிருந்து எடுத்துக் கலெக்டரில் பற்றவைத்தேன்; கலெக்டர் வோல்டேஜ் இறங்கினால் பேஸுக்குப் போகும் மின்னோட்டமும் தானாகக் குறையும் என்பதால், சி ரகத்துக்கு நாலரை வோல்ட்டும், பழைய பி ரகத்துக்கு ஆறு வோல்ட் அளவிலும் வந்து நின்றது. உள்ளீட்டு மின்தடை சற்றுக் குறையும், ஆனால் சாதாரண டைனமிக் மைக்குக்கு அது பொருட்டல்ல. பயஸ் (சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் நிலை) சரியாக அமைந்துவிட்டால் இந்தச் சிலிக்கான் வகைகளுக்குள் ஒலியின் "இனிமை" வேறுபடுகிறது என்பதை என் காது இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

பழைய போர்டுகளிலிருந்து சி1815 டிரான்சிஸ்டரைக் கழற்றிப் போடுபவர்கள் கால்களைக் கவனிக்க வேண்டும்: தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், 548-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், 1815-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். பழைய ரேடியோவின் ஏசி127 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை இதில் போட வேண்டாம் என்பேன். கத்திரி வெயிலில் அதன் கசிவு மின்னோட்டம் ஏறி, காலையில் வைத்த பயஸ் மதியத்தில் நிற்காது.