ஸ்டீல், ராப்: சங்கிலி பறிப்புச் செய்தியில் எது வரும்?

கேள்வி (நாளிதழ் மொழிபெயர்ப்பாளர், மதுரை):
காவல்துறைச் செய்திக்குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை. ‘மூதாட்டியிடம் ஐந்து பவுன் சங்கிலி பறிப்பு’ என்பதற்கு ‘தே ராப்ட் ஹெர் செயின்’ போதும் என்கிறார் பக்கத்து இருக்கை நண்பர். எனக்கு உறுத்துகிறது. ‘ஸ்டோல்’ என்று போடவா?

பதில் (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை):
உறுத்துவது நியாயம்தான், தம்பி. ‘ஸ்டீல்’ என்ற வினைக்குப் பின்னால் களவுபோன பொருள் வரும்: சங்கிலி, பணம், சைக்கிள். ‘ராப்’ என்றால் பறிகொடுத்தவரோ இடமோ வரவேண்டும்: மூதாட்டி, வங்கி, ரயில். ஆகவே ‘தே ஸ்டோல் ஹெர் செயின்’ அல்லது ‘தே ராப்ட் ஹெர் ஆஃப் ஹெர் செயின்’. அந்த ‘ஆஃப்’ கட்டாயம் வேண்டும். தமிழில் வங்கியையும் கொள்ளையடிக்கலாம், நகையையும் கொள்ளையடிக்கலாம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் நம் கையைப் பிடித்து இழுக்கிறது.

பலாத்காரம் இருந்ததா என்பதையும் பாருங்கள். 1911-இல் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவை ஒருவன் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு நழுவினான். யார் மேலும் கை வைக்கவில்லை, அது ‘ஸ்டோல்’. 1963-இல் கிளாஸ்கோவிலிருந்து லண்டன் சென்ற தபால் ரயிலைப் பச்சை விளக்கின் மேல் கையுறையை மாட்டி, பாட்டரியில் சிவப்பு விளக்கை எரியவிட்டு நிறுத்தினார்கள். ஓட்டுநரைத் தலையில் அடித்துவிட்டு, சுமார் 26 லட்சம் பவுண்டை அள்ளிச் சென்றார்கள். அது ‘ராப்’.

பதில் (வழக்கறிஞர், திருச்சி):
அம்மா சொன்னது இலக்கணத்துக்குச் சரி. செய்திக்கு வழக்குப் பிரிவையும் பாருங்கள். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303, பறிப்பு 304, கொள்ளை 309. 2024 ஜூலை முதல் பறிப்புக்குத் தனிப் பிரிவே இருப்பதால், 304 என்றால் ‘ஸ்நாட்ச்ட்’ என்று எழுதுங்கள். கத்தியைக் காட்டி மிரட்டியோ அடித்தோ பிடுங்கியதாக 309 போட்டிருந்தால்தான் ‘ராப்’. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் 310, கூட்டுக்கொள்ளை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குறிப்பில் 309(4) என்றிருக்கிறது. பாட்டியைக் கீழே தள்ளியதில் முழங்கையில் எலும்பு முறிவாம். ‘ராப்ட் ஆஃப்’ என்றே எழுதுகிறேன். நண்பரிடமும் காட்டிவிட்டேன்.

ஆசிரியை:
தலைப்பில் ‘ஆஃப்’ நின்றதா என்று அச்சுக்குப் போகுமுன் பாருங்கள். இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுவது அதைத்தான்.