மறுமொழி: ரோலிங் ஸ்டாக்குக்குத் தமிழ்ச்சொல் – தடவூர்தி?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆப்பிரிக்க ரயில் சந்தையின் எதிர்காலம் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோது எழுந்த கேள்வி இது. எஞ்சின், பயணிகள் பெட்டி, சரக்கு வேகன், மின்தொடர் வண்டி (தனி எஞ்சின் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் EMU ரயில்) எல்லாவற்றையும் ஒருசேரக் குறிக்க ஒரு சொல் வேண்டும். தண்டவாளம், மின்கம்பி, சிக்னல் எதுவும் அதில் சேரக் கூடாது. ஆங்கிலத்தில் அதுதான் ரோலிங் ஸ்டாக் (rolling stock). அதற்குத் "தடவூர்தி" (தடம் + ஊர்தி) என்று முன்மொழிந்திருந்தேன். அதற்கு வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> "உருளிருப்பு" என்று வைக்கலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராக இருப்பதுதான் சிக்கல். இருப்பு என்றால் நமக்குக் கிடங்குச் சரக்கோ கையிலுள்ள பணமோதான் நினைவுக்கு வரும். "ரயில் பெட்டி உருண்டது" என்று படித்தால் விபத்து என்றுதான் எடுத்துக்கொள்வோம். இதை விட்டுவிடலாம்.

> "வண்டி" என்பதே போதுமே, மக்கள் சொல்தானே?

எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் "பாண்டியன் வண்டி ஒரு மணி நேரம் லேட்" என்னும்போது நாம் பேசுவது அன்றைய சேவையை. அதே பெட்டிகள் மறுநாள் வேறு பெயரில் வேறு ஊருக்குப் போகலாம். சந்தை பேசுவதோ விலை கொடுத்து வாங்கி, முப்பது நாற்பது ஆண்டு பழுது பார்த்து ஓட்டும் பொருளைப் பற்றி.

> "தடவூர்தி"யில் தடம் எதற்கு? "ரயில் ஊர்தி" போதாதா?

தடம்தான் இந்தச் சந்தையின் உயிர் என்பதால் அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தென்னாப்பிரிக்காவின் முதன்மைப் பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,067 மி.மீ. அகலம். கென்யா, உகாண்டாவின் பழைய பாதைகள் மீட்டர் கேஜ் (1,000 மி.மீ.). கென்யா 2017-ல் மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குத் திறந்த புதுப்பாதை 1,435 மி.மீ.; அதில் ஓடுவது டீசல் எஞ்சின். தான்சானியா 2024-ல் தார் எஸ் சலாமிலிருந்து டொடோமா வரை ஓடவிட்டதும் அதே 1,435 மி.மீ.தான், ஆனால் மின்சாரப் பாதை. கென்யாவின் பழைய வேகனைப் புதுப்பாதையில் ஏற்ற முடியாது. தான்சானியாவின் மின்தொடர் வண்டி கென்யாவில் நகராது. ஒரே வடிவத்தைச் செய்து கண்டம் முழுக்க விற்க எந்தத் தொழிற்சாலையாலும் ஆகாது. தேவை மலையளவு இருந்தும் ஆர்டர்கள் துண்டு துண்டாக வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அகலம் மட்டுமல்ல, உயரமும் உண்டு. ஸ்பெயினிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்த 13 டீசல் எஞ்சின்கள் அங்குள்ள மின்கம்பிப் பாதைகளுக்கு உயரம் அதிகம் என்று 2015-ல் பெரிய சர்ச்சையானது. தடத்தோடு பொருந்தாத ஊர்தி வெறும் இரும்பு. இதைச் சொல்லாத கலைச்சொல் எனக்குக் குறையாகவே படுகிறது.

> கட்டுரையில் சந்தை வளரும் என்கிறீர்களா, இல்லையா?

வளரும், ஆனால் எல்லா வகைக்கும் ஒரேபோல அல்ல. கனிமம் இருக்கும் இடத்தில் பணம் இருக்கிறது. கினியாவின் சிமாண்டு இரும்புத்தாதுக்காக மட்டும் 150 எஞ்சின்கள் பீகாரின் மர்ஹௌராவில் செய்யப்படுகின்றன. 2025-ல் ஏற்றுமதி தொடங்கிவிட்டது. பயணிகள் பெட்டிகளின் கதை வேறு. அவை அரசின் கையிருப்பையும் வெளிநாட்டுக் கடனையும் நம்பியிருக்கின்றன. கென்யாவின் புதுப்பாதைக்குச் சீனக் கடன் வந்தது, எஞ்சின்களும் சீனாவிலிருந்தே வந்தன. தென்னாப்பிரிக்கா 2013-ல் 600 புறநகர் ரயில்களுக்கு, அதாவது 3,600 பெட்டிகளுக்கு, ஒப்பந்தம் போட்டது. முதல் 20 பிரேசிலில் செய்யப்பட்டன, மீதிக்குத் தென்னாப்பிரிக்காவிலேயே டன்னோட்டரில் தொழிற்சாலை எழுந்தது. அத்தனை பெரிய ஆர்டர் தர ஆப்பிரிக்காவில் வேறு எத்தனை நாடுகளால் முடியும்?

என்னைக் கேட்டால் புதிய விற்பனையைவிட உதிரிப்பாகம், மறுசீரமைப்பு இரண்டிலும்தான் நிலையான வேலை இருக்கிறது. தென்னாப்பிரிக்க அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் 2014-ல் 1,064 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அது ஊழல் விசாரணையில் மாட்டியது. சீன நிறுவனத்தோடு தகராறாகி உதிரிப்பாகம் வராமல் பல எஞ்சின்கள் நின்றுபோயின. வாங்கியது போதாது, ஓட வைக்க வேண்டும். கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான் இருக்கும்.

> "தட" என்றால் பெரிய என்று பொருள் வருமே?

வரும். "தடவும் கயவும் நளியும் பெருமை" என்பது தொல்காப்பியம். ஆனால் தடம் + ஊர்தி சேர்ந்தாலும் மகரம் கெட்டு, வகரம் தோன்றி, தடவூர்தி என்றுதான் வரும். இலக்கணம் இடம் கொடுக்கிறது. பெரிய ஊர்தி என்று ஒருவர் படித்தாலும் குழப்பம் ஒன்றும் இல்லை.

சரி, அப்புறம் கிளைச்சொற்கள். ஒரு நிர்வாகத்திடம் உள்ள மொத்தத்துக்குத் தடவூர்தி அணி. தொழிலுக்குத் தடவூர்தித் தொழில். எஞ்சின், பெட்டி, வேகன், ரேக் (ஒன்றாகக் கோத்த பெட்டித் தொகுதி) ஆகிய சொற்களை அப்படியே விட்டுவிடலாம். பழகிய சொற்களை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. தண்டவாளத்தில் ஓடி ஜல்லியை இறுக்கும் பராமரிப்பு இயந்திரத்தையும் தடவூர்தி என்பதா, தனியே வைப்பதா? பெரம்பூர், பொன்மலைப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால், அங்கே அதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று சொல்லுங்கள். அதன்படியே வரையறையை எழுதிவிடுகிறேன்.